புரட்டாசிக் கோழிகளும் ஒரு கல்யாணப் பேச்சும்

தமிழ்நாட்டில் பிராய்லர் கோழி வளர்க்க நினைப்பவர், குஞ்சு வாங்கும் முன் ஒரு தினசரி காலண்டர் வாங்க வேண்டும். நான் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வாங்கினேன்.

தொண்ணூறுகளின் கடைசி. எனக்கு மாமா மகள் மல்லிகாவைக் கட்டிக்கொள்ள ஆசை. நெம்மேலியில் சவுக்குத் தோப்பு வைத்திருந்த மாமா ஒரே நிபந்தனை போட்டார்.

"ஒரு வேலைய உருப்படியா முடிச்சுக் காட்டுடா. பொண்ணப் பத்தி அப்பால பேசலாம்."

தோப்பு ஓரத்தில் கொட்டகை போட்டு, ஆடி நடுவில் அறுபது குஞ்சுகளை இறக்கினேன். ஆறே வாரத்தில் கோழி இரண்டு கிலோ தேறும், அடுத்த வாரமே நிச்சயதார்த்தம் என்பது என் திட்டம். (திட்டம் போடுவதில் நான் கெட்டிக்காரன். அதோடு சரி.) குஞ்சுகள் என்னை ஏமாற்றவில்லை. காலையில் பார்த்த கோழியை மாலையில் அடையாளம் தெரியாது, அப்படி வளர்ந்தன. மீசையை முறுக்கிக்கொண்டு மாபலிபுரம் கறிக்கடைக்குப் போனேன். கடைக்காரர் கத்தியைத் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாத்த, நாளைக்கு புரட்டாசி பொறக்குது. ஊரே நாமம் போட்டுகினு கீது. எவன் கறி துன்னுவான்?"

வெளிநாட்டுக்காரர்கள் சாப்பிடுவார்களே என்று ஓட்டல் ஓட்டலாக ஏறி இறங்கினேன். "வெள்ளக்காரங்க மார்கழிலதான் வருவாங்க. அதுவும் மீன்தான் கேப்பாங்க" என்றார் ஒரு சமையல்காரர்.

புரட்டாசி என்று கோழிகளுக்கு யாரும் சொல்லவில்லை. தின்றுகொண்டே இருந்தன. மூன்று கிலோ தாண்டியதும் கால் தாங்காமல் உட்கார்ந்துவிட்டன. பிறகு உட்கார்ந்தபடியே தின்றன. அந்த உடம்புக்கு வெயிலில் மூச்சு வாங்கியது. ஒரு கோழி செத்தாலும் மல்லிகா எனக்கு இல்லை என்று நிஜமாகவே பயந்தேன். கூரையில் தண்ணீர் ஊற்றினேன். ஒவ்வொன்றையும் இடுப்பில் தூக்கிப்போய்த் தண்ணீர் காட்டினேன். (என் அம்மா என்னை அப்படி வளர்த்ததாகத் தகவல் இல்லை.)

சனிக்கிழமை, நெற்றி நிறைய நாமத்தோடும் விரதத்தோடும் மாமா வந்தார். பின்னால் மல்லிகா. நான் மண்டியிட்டு ஒரு கோழிக்குப் பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தேன்.

மாமா துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "இன்னாடா இது, கோழியா கன்னுக்குட்டியா? எப்படா விப்ப?"

"ஐப்பசியில, மாமா."

"அதுக்குள்ள இதுங்க கொட்டாய பேத்துகினு வெளிய வந்துடும். உன்ன நம்பி எப்டிடா பொண்ணு குடுக்கறது?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் விசிறுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் கோழி போய்விடும்.

மல்லிகாதான் வாயைத் திறந்தாள். "நைனா, ஒண்ணாவது செத்துச்சான்னு கேளு."

"இல்ல" என்றேன்.

"யாரும் வாங்காத கோழியவே இப்டி பாத்துக்குது. என்னப் பாத்துக்காதா?"

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஆனால் மறுநாள், பக்கத்துத் தெரு ஆசீர்வாதம் வீட்டுக் கல்யாணத்துக்கு அறுபது கோழியையும் அவரே பேசி முடித்திருந்தார். அவர்கள் கிறிஸ்தவர்கள், புரட்டாசி கிடையாது. பந்தியில் ஒரு கோழிக்காலை இரண்டு பேர் பங்கு போட்டுச் சாப்பிட்டார்கள். எங்களுக்குத் தை மாதம் கல்யாணம் நடந்தது.

இப்போது எனக்குத் தொப்பையும் மூட்டுவலியும் வந்துவிட்டன. நாற்காலியை விட்டு எழாமல் இன்னொரு தோசை கேட்டால், மல்லிகா மகள்களிடம் சொல்கிறாள்:

"குடுங்கடி பாவம். புரட்டாசி கோழி. எவனும் வாங்கலன்னு நான்தான் வாங்கிக்கினேன்."