கேள்விகளின் திருத்திய பிரதி

சனநாயகம் கிரேக்க தேசத்தில் பிறந்தது என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். பிறக்கட்டும். பிறந்த பிள்ளைக்கு மூக்குத் துடைத்து, சட்டை மாட்டி, பெரியவர்கள் முன்னால் எப்படி நிற்க வேண்டும் என்று மரியாதை பழக்கிய ஊர் எது? யாழ்ப்பாணக் குடாநாட்டில் அண்மையில் மாநகரமாகத் தரமுயர்ந்த சங்குத்துறையைத் தவிர வேறொன்றைக் காட்டவே முடியாது. தரமுயர்ந்தபோது அங்கே பெயர்ப்பலகை மாறியது. மற்றதெல்லாம் முன்போலவே இருந்தது.

இந்த மகத்தான பணியைத் தனியொருவராகச் செய்து முடித்தவர் திருவாளர் ஜெபரட்ணம். அரசாங்கக் கந்தோரொன்றில் முப்பத்துநான்கு வருடம் இருந்து, தலைமைக் கிளாக்கராக ஓய்வுபெற்று, இப்போது தாம் வசிக்கும் சிறு தெருவான மிஷன் ஒழுங்கையின் குடியிருப்பாளர் நலன்புரிச் சங்கத்தின் ஆயுட்காலச் செயலாளராக விளங்குபவர். அவர் கையால் வெளியே போன எந்தக் கடிதத்திலும் கோபம் என்ற ஒன்று இருந்ததில்லை. ஒருமுறை கந்தோர்க் கூரையில் பாதி அவருடைய மேசைமேல் விழுந்தபோது, மண்டையில் கட்டுடன் மேலதிகாரிக்கு எழுதினார்: “எமது கூரை இன்று காலை எம்மிடம் வருகை தந்ததை இத்தால் மரியாதையுடன் அறியத் தருகிறேன்.” மேலதிகாரி அந்த வசனத்தின் அழகில் மயங்கி, கூரையை மறந்துபோனார்.

அப்படிப்பட்டவருடைய காலத்தில்தான் மாநகரசபைத் தேர்தல் வந்தது. மாநகர முதல்வர் வேட்பாளர் கோகுலன், போன சபையில் சுகாதாரக் குழுவின் தலைவராயிருந்தவர், ஒரு புதுமை செய்தார். ஒவ்வொரு வட்டாரத்திலும் ‘மக்கள் கேட்கட்டும்’ என்று ஒரு கூட்டம். மக்கள் கேட்பார்கள், வேட்பாளர் பதில் சொல்வார், ஒரு தம்பி அதைக் கைத்தொலைபேசியில் பிடித்து உலகத்துக்கு அனுப்புவான். கேள்விகளை மட்டும் மூன்று நாள் முன்னதாக எழுதிச் செயலாளரிடம் கொடுத்துவிட வேண்டும். கேள்வி இன்னதென்று தெரியாமல் பதில் சொல்வது வேட்பாளருக்கு அழகல்லவே.

ஜெபரட்ணம் உடனே ‘கேள்விச் செம்மையாக்கற் குழு’ ஒன்றை நிறுவினார். குழுவின் தலைவர், செயலாளர், உறுப்பினர் ஆகிய மூவரும் அவரே. ஆகவே குழுவில் கருத்து வேறுபாடு எழவில்லை. விறாந்தையில் மேசை போட்டு, சிவப்புப் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தார்.

முதலில் மீன் வியாபாரி சிமியோன் மோட்டார்சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து, கொப்பித் தாளொன்றை நீட்டினான். அதில் இப்படி இருந்தது: ‘போன முறையும் ரோட்டுப் போடுவன் எண்டு சொல்லித்தான் வோட்டு வாங்கினனீர். இந்த முறை எந்த முகத்தோடை வாறீர்?’

“நல்ல கேள்வி சிமியோன்,” என்றார் ஜெபரட்ணம். “ஆனால் முகத்தைப் பற்றிக் கதைக்கிறது சபைக்கு அழகில்லை.”

“அப்ப எதைப் பற்றிக் கதைக்கிறது ஐயா? குழியைப் பற்றிக் கதைக்கட்டோ? நேற்றும் பெட்டியோடை விழுந்தெழும்பினனான்.”

“நீர் போம். நான் பார்த்துக்கொள்ளுறன்.”

பார்த்துக்கொண்டார். திருத்திய பிரதியில் அது இவ்வாறு வெளிவந்தது: ‘தங்களின் மீள்வருகையால் எமது வீதி அடைந்துள்ள பெருமையைச் சற்று விளக்குவீர்களா?’

அடுத்தது செல்வநாயகியின் கேள்வி. அவருக்கு இரண்டு பெண்பிள்ளைகள். ‘ஒழுங்கை லைற் ஆறு மாசமா எரியேல்லை. பிள்ளையள் ரியூசனாலை எப்பிடி வாறது?’ என்று கேட்டிருந்தார். ஜெபரட்ணம் கண்ணை மூடி அரை நிமிடம் யோசித்தார். ‘எமது பிள்ளைகளின் ஒளிமயமான எதிர்காலம் குறித்துத் தங்கள் தொலைநோக்கு யாது?’ என்று எழுதினார். எழுதியதைத் தாமே ஒருமுறை உரக்க வாசித்து ரசித்தார்.

கடைசியாக வந்த கேள்வி வீட்டுக்குள்ளிருந்து வந்தது. கொண்டுவந்தவர் அவருடைய மனைவி பியாட்றிஸ்.

இங்கே வாசகர்கள் ஒரு சிறிய விடயத்தை அறிந்திருக்க வேண்டும். மிஷன் ஒழுங்கையின் தெருவோரச் சாக்கடையான கான் அடைபட்டு மூன்று வருடம். சந்தியிலுள்ள சாப்பாட்டுக் கடைகளின் ஊத்தைத் தண்ணீர் அதில் வந்து தேங்கி, ஜெபரட்ணத்தின் வீட்டு மதிலடியால் ஊறி, அவருடைய கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சுகாதாரப் பரிசோதகர் தண்ணீரைப் போத்தலில் எடுத்துப்போய்ச் சோதித்துவிட்டு, குடிக்கவும் கூடாது, குளிக்கவும் கூடாது என்று துண்டு எழுதிக் கொடுத்திருந்தார். ஒரே மகள் ஜெயனிக்கு எட்டு மாதம். தலைப்பிள்ளை. உடுப்பிட்டியில் மாமியார் வீட்டில் இருந்தாள். பிள்ளைப்பேற்றுக்குத் தாய் வீட்டுக்கு வருவதுதான் முறை. இந்தத் தண்ணீருக்கு எப்படி வருவது?

“இஞ்சேருங்கோ,” என்றார் பியாட்றிஸ். “எழுத்துப் பிழை கிடந்தால் திருத்துங்கோ. கருத்திலை கை வைக்கப்படாது.”

தாளில் ஒரே வரி: ‘மிஷன் ஒழுங்கைக் கானை எந்தத் திகதி துப்பரவாக்குவியள்?’

“திகதி கேட்கிறது கொஞ்சம் கடுமையல்லோ?”

“கடுமையோ? உங்கடை பேரப்பிள்ளையை அந்தக் கக்கூசுத் தண்ணியிலை குளிக்கவார்க்கப் போறியளோ?”

“இஞ்சை பாரும் பியாட்றிஸ், கோபமாய்க் கேட்டால் அவை கோபிப்பினம். பேந்து ஒண்டும் நடக்காது. மரியாதையாய்க் கேட்டால்…”

“மரியாதையாய்க் கேட்டு மூண்டு வருசம். எத்தினை கடிதம் எழுதித் தந்தனான், அனுப்பச் சொல்லி? என்ன நடந்தது? மண்ணாங்கட்டிதான் நடந்தது!”

“அனுப்பினனான். எல்லாம் பதிவுத் தபாலிலை அனுப்பினனான்.”

அது உண்மை. ஜெபரட்ணம் பொய் சொல்லாதவர்.

“அப்ப இதையும் உள்ளபடி வாசிக்கவேணும். சத்தியமாய்ச் சொல்லுங்கோ.”

“ஓம், ஓம்,” என்றார் அவர். பியாட்றிஸ் தேத்தண்ணிக்குப் போத்தல் தண்ணீரைக் கொதிக்கவைக்க உள்ளே போனார். ஜெபரட்ணம் அந்த ஒரு வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மாற்றக் கூடாது என்றுதான் நினைத்தார். அவருக்கும் மகள் வரவேண்டும்; பேரப்பிள்ளையைக் கையில் வாங்கவேண்டும் என்ற ஆசை நெஞ்சு நிறைய இருந்தது. ஆனால் ‘எந்தத் திகதி’ என்ற சொற்கள் தாளில் காலுக்குமேல் கால் போட்டுக்கொண்டு இருப்பதுபோல அவருக்குப் பட்டது. பேனை தானாக இறங்கியது.

கூட்டம் சனசமூக நிலையத்தில் பின்னேரம் நான்கு மணிக்கு என்று அறிவிக்கப்பட்டு, ஐந்து மணிக்குச் சரியாகத் தொடங்கியது. மங்கள விளக்கு ஏற்றப்பட்டது. ஐந்து திரிக்கு ஒன்பது பிரமுகர்கள் இருந்தபடியால் நான்கு பேர் எரிகிற திரியையே மீண்டும் ஏற்றினார்கள். தேவாரம், செபம், மௌன வணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை, பொன்னாடை. இவ்வளவும் முடிய ஒன்றேமுக்கால் மணித்தியாலம். மிச்சமிருந்த பதினொரு நிமிடம் மக்களுக்கு என ஒதுக்கப்பட்டது.

ஜெபரட்ணம் ஒலிவாங்கியின் முன் நின்று கேள்விகளை வாசித்தார். வீதி அடைந்த பெருமை பற்றிய கேள்விக்கு வேட்பாளர் கோகுலன் நன்றி தெரிவித்தார். சிமியோன் கதிரையிலிருந்து அரைவாசி எழும்பி, இது தன்னுடைய கேள்விதானோ என்று சந்தேகப்பட்டு, மறுபடி இருந்தான். ஒளிமயமான எதிர்காலத்தைப் பற்றி வேட்பாளர் மூன்று நிமிடம் பேசினார்.

“நான் லைற்றையல்லோ கேட்டனான்?” என்றார் செல்வநாயகி.

“எதிர்காலத்திலை எரியுமாம்,” என்றான் சிமியோன்.

பிறகு ஜெபரட்ணம் தொண்டையைச் செருமிக்கொண்டு, மனைவி இருந்த பக்கம் பாராமல் வாசித்தார்: “அடுத்த கேள்வி, திருமதி பியாட்றிஸ் ஜெபரட்ணம் அவர்களுடையது. தூய்மையைத் தாங்கள் இளம் பராயத்திலிருந்தே நேசித்து வருவதன் இரகசியம் யாது?”

வேட்பாளர் உருகிப்போனார். “அருமையான கேள்வி! என்ரை அம்மா என்னை விடிய ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா கிணத்தடியிலை வைச்சுக் குளிக்கவார்ப்பா. அந்தக் குளிர் இன்னும் என்ரை முதுகிலை கிடக்கு…”

“தம்பி, கொஞ்சம் நிப்பாட்டும்.” பியாட்றிஸ் எழுந்து நின்றார். “உது என்ரை கேள்வி இல்லை. எங்கடை கான் மூண்டு வருசமா அடைபட்டுக் கிடக்கு. அந்த ஊத்தை என்ரை கிணத்துக்குள்ளை இறங்குது. என்ரை மகளுக்கு வாற மாசம் பிள்ளை பிறக்கப்போகுது. உங்கடை அம்மாவுக்குக் கிணத்தடி இருந்தது. நான் எங்கை வைச்சுக் குளிக்கவார்க்கிறது? திகதியைச் சொல்லும்.”

கோகுலன் கோபிப்பார் என்று ஜெபரட்ணம் எதிர்பார்த்தார். கோகுலன் கோபிக்கவில்லை; உண்மையாகவே குழம்பிப்போனார்.

“அன்ரி, நீங்கள் மிஷன் ஒழுங்கையோ? அதுதானே எங்கடை முன்மாதிரி ஒழுங்கை!” தன்னுடைய சாதனைகளைக் காட்டுவதற்காகக் கொண்டுவந்திருந்த கடிதக் கோவையைத் திறந்தார். “இஞ்சை பாருங்கோ. மூண்டு வருசத்திலை ஒன்பது கடிதம். ஒன்பதும் பாராட்டு. கடைசிக் கடிதத்திலை உங்கடை பேர்தான் கிடக்கு. ‘எமது வடிகானின் தற்போதைய நிலைமை தொடர்பில் தங்கள் குழு காட்டிவரும் பொறுமைக்கு நாம் என்றும் கடமைப்பட்டுள்ளோம்.’ நான் இதைச் சட்டம் போட்டுச் சுவரிலை மாட்டவேணும் எண்டு நினைச்சனான்.”

“அப்ப கான்?”

“இவ்வளவு திருப்தியாய் இருக்கிற சனத்திட்டை ஆக்களை அனுப்புறது வீண்தானே அன்ரி? உங்கடை முதல் ரெண்டு கடிதமும் வந்த உடனேயே, துப்பரவாக்கிற ஆக்களை மற்ற ஒழுங்கையளுக்கு மாத்திவிட்டிட்டன்.”

அத்தனை தலைகளும் ஜெபரட்ணத்தின் பக்கம் திரும்பின. பியாட்றிஸ் மட்டும் சற்றுப் பிந்தித் திரும்பினார்.

“இஞ்சேருங்கோ. நான் எழுதித் தந்த கடிதமோ உது?”

“கருத்து அதுதான்…” என்றார் ஜெபரட்ணம். “சொற்களைத்தான் கொஞ்சம்…”

வேட்பாளர் பெருந்தன்மையோடு, “ஐயா, நீங்களே சபைக்கு விளக்குங்கோ,” என்று விலகி நின்றார். ஒலிவாங்கி ஜெபரட்ணத்தின் வாய்க்கு நேரே இருந்தது. ‘ஓம், அது முறைப்பாடு. நான்தான் மாத்தினனான். கானைத் துப்பரவாக்குங்கோ.’ இவ்வளவும் சொன்னால் போதும். அவருக்கு வெட்கமாக இருந்தது, மகளின் முகம் கண்ணுக்குள் வந்தது. வாயைத் திறந்தார்.

“நேரமின்மையைக் கருத்திற்கொண்டு, கேள்வி நேரம் இத்துடன் இனிதே நிறைவுறுகிறது. அடுத்து, நன்றியுரை.”

நன்றியுரையையும் அவரே ஆற்றினார். அன்று அவர் நன்றி சொல்லாமல் விட்டது பியாட்றிசுக்கு மட்டும்தான். அந்த அம்மா அப்போது மண்டபத்தில் இல்லை. மறுநாள் விடிய முதல் பஸ்ஸில் சூட்கேசோடு உடுப்பிட்டிக்குப் போய்விட்டார். சம்பந்தி வீட்டில் போய் நிற்பது எந்தத் தாய்க்கும் லேசான காரியமல்ல. ஆனால் அந்தக் கிணற்றில் தண்ணீர் தெளிவாயிருந்தது.

தேர்தலில் கோகுலன் வென்று முதல்வரானார். நல்ல ஆட்சியாளன் திறமையை எங்கு கண்டாலும் விடமாட்டான். முதல் வாரத்திலேயே ஜெபரட்ணத்துக்கு ஆள் அனுப்பி, ‘மாநகர முறைப்பாட்டு ஆலோசகர்’ என்ற பதவியையும், ஃபான் பூட்டிய அறையொன்றையும், ஒரு பெட்டி சிவப்புப் பேனையையும் வழங்கினார். இதுவரை ஓர் ஒழுங்கை மட்டும் அனுபவித்த நன்மையை இப்போது மாநகரம் முழுவதும் அனுபவித்தது. நாய்க்கடி ‘விலங்குகளுடனான நெருங்கிய உறவு’ ஆனது. மூன்று கிழமை அள்ளாத குப்பை ‘நீண்டகாலச் சேமிப்பு’ ஆனது. வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தவர்கள் ‘மாரிக்காலத்தைத் தம் இல்லத்திலேயே வரவேற்றவர்கள்’ ஆனார்கள்.

மாதக் கடைசியில், வீட்டில் இருக்கப் பிடிக்காமல், முதல்நாள் வந்து பிரிக்காமல் கிடந்த தபாலையும் எடுத்துக்கொண்டு விடிய வெள்ளெனவே கந்தோருக்குப் போனார். அதில் பியாட்றிசின் கடிதம் ஒன்று இருந்தது.

‘ஜெயனிக்குப் பொம்பிளைப் பிள்ளை. இரண்டு பேரும் சுகம். கான் துப்பரவாக்கி, கிணறு இறைச்சு, பரிசோதகர் சரியெண்டு துண்டு தந்தால்தான் நாங்கள் வருவம். அதுவரைக்கும் நீங்களும் இங்கை வரவேண்டாம். உங்களோடை எனக்குக் கதை இல்லை.’

மூன்று முறை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அழுதார். அதை நாம் மறைக்கவில்லை. பிறகு கண்ணைத் துடைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மேசையில் பேனை இருந்தது. கடிதத்தில் முறைப்பாடும் இருந்தது. முப்பத்துநான்கு வருடப் பழக்கம் மனிதனை இலேசில் விடுமா? திருத்திய பிரதி இது: ‘பேத்தி பிறந்த நற்செய்தியை மகிழ்வுடன் அறியத் தருவதோடு, வடிகான், கிணறு ஆகியன தொடர்பில் தங்கள் பணி தொடர வாழ்த்துகிறோம். தங்கள் ஓய்வுக்கு இடையூறு விளைவிக்க விரும்பவில்லை.’ நாற்பத்தொன்று என்று இலக்கமிட்டுக் கோவையில் வைத்தார்.

அந்த மாதம் சங்குத்துறை மாநகரசபைக்குக் கிடைத்த முறைப்பாடு ஒன்றுகூட இல்லை. பாராட்டுக் கடிதங்கள் நாற்பத்தொன்று. முதல்வர் பொதுக்கூட்டம் கூட்டி நாற்பத்தொன்றையும் மேடையில் வாசித்து, ஜெபரட்ணத்துக்குப் பொன்னாடை போர்த்தினார். நாற்பத்தோராவது கடிதத்துக்குத்தான் கைதட்டல் அதிகம்.

கூட்டம் கலையும்போது சிமியோன் வாசலில் மறித்துக்கொண்டு நின்றான்.

“ஐயா, எங்கடை கேள்வியளை அழிச்சியள், பொறுத்தம். உங்கடை மனுசி அழுது எழுதினதையுமோ அழிச்சியள்? என்ன சாதி மனம் ஐயா உங்களுக்கு?”

ஜெபரட்ணம் பொன்னாடையின் விளிம்பை நேராக்கினார்.

“சரி, அதை விடுங்கோ. பேத்திக்கு என்ன பேர் வைச்சிருக்கினம்? அதையாவது சொல்லிப்போட்டுப் போங்கோ.”

பியாட்றிசின் கடிதத்தில் பெயர் எதுவும் இருக்கவில்லை. ஜெபரட்ணம், குரல் சற்றும் பிசகாமல், சொன்னார்:

“அது உரிய நேரத்தில், உரியவர்களால் அறியத் தரப்படும்.”