சீனி காணாத மஸ்கட்

கையால் ஏதாவது செய்கிறவர்களில் இரண்டு வகை உண்டு. செய்து முடித்துவிட்டுப் பேசாமல் இருப்பவர்கள் ஒரு வகை. செய்து முடிக்கும் முன்பே படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்புகிறவர்கள் மற்ற வகை. நான் அந்த மற்ற வகையில் முதலாவது ஆள். கலியாணத்துக்கு முன்பெல்லாம் ஒரு பொத்தான் தைத்தால்கூட அதை எல்லாக் கோணத்திலும் படம் எடுப்பேன். (சட்டைக்குச் சொந்தக்காரரான அப்பா வெறும் பெனியனோடு காத்துக்கொண்டு நிற்பார்.)

எங்களைப் போன்றவர்களுக்குத் திருகோணமலையில் ஒரு வட்ஸ்அப் குழு இருந்தது. தீப்பெட்டிக் குச்சியில் கப்பல் கட்டுகிறவர், பழைய சாறியில் கால்மிதி பின்னுகிறவர், பிவிசி பைப்பில் ஓட்டை போட்டு விளக்கு செய்கிறவர் என்று பலதரப்பட்ட ஆட்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு உட்துறைமுக வீதிப் பக்கம் இருக்கும் ஒரு பழைய மண்டபத்தில் கூடுவோம். ஆளுக்கொரு மேசை. செய்ததை வைக்க வேண்டும், மற்றவர்கள் வந்து தொட்டுப் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும்.

கருத்துச் சொல்வதற்கு ஒரு விதி இருந்தது. முதலில் ஒரு நல்ல விசயம் சொல்ல வேண்டும், பிறகுதான் திருத்த வேண்டியதைச் சொல்லலாம். ஒருவர் ஆசை ஆசையாகப் பின்னிக் கொண்டுவந்த கைப்பையை இன்னொருவர் கோழிக்கூடு என்று நினைத்து விலை கேட்டதிலிருந்து வந்த விதி இது. அந்தக் கைப்பைக்காரர் அன்றே குழுவிலிருந்து வெளியேறிவிட்டார். அதற்குப் பிறகு நாங்கள் எல்லோரும் மிகவும் பண்பட்டவர்களாகிவிட்டோம்.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் வாசலில் நின்று மான் விரட்ட வேண்டும். ஊருக்குள் மாடு மாதிரித் திரிகிற மான்கள் கடற்கரையில் மேய்ந்து அலுத்தால் நேரே மண்டபத்துக்குள் வந்துவிடும். ஒரு தடவை ஒரு முழுப் பனையோலைப் பெட்டியைத் தின்றுவிட்டு, கருத்து எதுவும் சொல்லாமல் போயின.

அந்த பிவிசி விளக்குக்காரர்தான் நிரோஷன். மூதூர் ஆள். அவருடைய விளக்கைப் பார்த்து நான் ஒரு நல்ல விசயம் சொன்னேன், திருத்த வேண்டியதைச் சொல்ல மறந்துவிட்டேன். அடுத்த மாதமும் மறந்துவிட்டேன். இப்படியே மறந்து மறந்து, விசயம் கலியாணப் பேச்சு வரைக்கும் வந்துவிட்டது.

எங்கள் வீட்டில் சம்மதம். அவருடைய அப்பாவுக்கும் சம்மதம். அம்மாதான் இழுத்துக்கொண்டிருந்தா. அவவுக்கு ஒரே ஒரு கேள்வி. பிள்ளைக்குச் சமைக்கத் தெரியுமா? நிரோஷன் பொய் சொல்லத் தெரியாத மனிதர், அதே நேரம் உண்மையைச் சொல்லவும் பயம். ஆகவே, "அவவுக்குக் கைவேலை நல்லா வரும் அம்மா" என்று பொதுவாகச் சொல்லி வைத்திருந்தார். (எனக்கு அப்போது சுடுதண்ணீர் வைக்கத் தெரியும். அதையும் இரண்டு தடவை அடிப்பிடிக்க வைத்திருக்கிறேன்.) அடுத்த ஞாயிறு கூட்டத்துக்கு அம்மாவைக் கூட்டி வருவதாகவும், பெண் பார்க்கிற மாதிரி இல்லாமல் சும்மா வந்து போகிற மாதிரி இருக்கட்டும் என்றும் முடிவானது. வந்த இடத்தில் பிடித்தால் ஓம், பிடிக்காவிட்டால் கதை முடிந்தது.

நான் அந்த மாதம் குளிக்கிற சவர்க்காரம் செய்ய வெளிக்கிட்டிருந்தேன். செய்வது என்று சொல்லிக்கொள்வேனே தவிர, கிளிசரின் கட்டியைக் கொழும்பிலிருந்து எடுப்பித்து, உருக்கி, சாயம் கலந்து ஊற்றுவதுதான் வேலை. ஆனால் என் மாமி முறையாகப் போகிறவ வருகிறா என்றதும் சாதாரணச் சவர்க்காரம் போதாது என்று பட்டது. செம்மஞ்சள் சாயம் போட்டேன். பன்னீர் விட்டேன். ஏலக்காய் வாசனை சேர்த்தேன். தட்டில் ஊற்றி, சாய்சதுரமாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் மேலும் பாதிக் கஜு (முந்திரிப்பருப்பு) பதித்தேன். ஏன் கஜு என்று கேட்காதீர்கள். இயற்கையான சவர்க்காரம் என்றால் மேலே ஏதாவது இருக்க வேண்டும் என்று ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன், வீட்டில் கஜுதான் இருந்தது.

என் அம்மா குசினிக்குள் வந்து பார்த்துவிட்டு, "இது பார்க்கத் தின்னுற சாமான் மாதிரியெல்லோ கிடக்கு" என்றா. நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

மண்டபத்தில் எனக்கு அடுத்த மேசை பரீதா ராத்தாவுடையது. கிண்ணியா ஆள். (அவர்கள் வீட்டில் அக்காவை ராத்தா என்பார்கள், குழுவில் அவ எல்லோருக்கும் ராத்தா.) அவ கிண்டுகிற மஸ்கட்டுக்கு ஊரெல்லாம் பெயர். கோதுமைப் பாலும் சீனியும் நெய்யும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டி எடுத்தால் கண்ணாடி மாதிரிப் பளபளக்கிற செம்மஞ்சள் இனிப்பு வரும். ஏலக்காய் மணக்கும். சாய்சதுரமாக வெட்டுவார்கள். மேலே கஜு இருக்கும்.

வாசிக்கிற உங்களுக்கு விளங்குகிறது. எனக்கு விளங்கவில்லை.

மஸ்கட் வழமை போல வந்தவுடனேயே முடிந்துவிட்டது. பரீதா ராத்தா தொழுதுவிட்டு, வீட்டிலிருந்து வருகிற அடுத்த தட்டையும் வாங்கிக்கொண்டு வருவதாகவும், அதுவரை தன் மேசையையும் பார்த்துக்கொள்ளும்படியும் சொல்லிவிட்டுப் போனா. போனதும் எனக்குள் இருந்த படப்பிடிப்பாளர் எழும்பினார். ராத்தாவின் மேசையில் வெள்ளைச் சீலை, யன்னல் வெளிச்சம், பூப்போட்ட தட்டு. என் மேசை தூணுக்குப் பின்னால் இருட்டில். என் சவர்க்காரத் துண்டுகளை அந்தத் தட்டில் அடுக்கி, ராத்தாவின் மேசையில் வைத்து, பக்கத்தில் 'அன்போடு கையால் செய்தது' என்ற என் அட்டையையும் நிமிர்த்தி வைத்துப் படம் எடுத்தேன். என்ன பொருள் என்று அட்டையில் எழுதவில்லை, எழுதினால் அழகு கெட்டுவிடும் என்று நினைத்தேன். அதற்குப் பின்னால் ராத்தாவின் அட்டை இருந்தது. 'எடுத்துச் சாப்பிட்டுப் பாருங்கள்.'

படத்தைக் குழுவில் போட்டுவிட்டு யார் இதயம் போடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நிற்கும்போது நிரோஷனின் அம்மா முன்னால் வந்து நின்றா. வெளிர்நீலச் சாறி, சிரித்த முகம். அன்று மான் விரட்டும் முறை நிரோஷனுடையது, ஆகவே அவர் வாசலோடு நின்றுவிட்டார். வாங்கோ மாமி என்று சொல்லி, இருத்துவதற்குக் கதிரை எடுக்கப் பின்பக்கம் திரும்பினேன். ஒரு காலாடுகிற கதிரைதான் கிடந்தது, நல்லதாக ஒன்றைத் தேடிப் போனேன்.

திரும்பி வந்தபோது தட்டில் ஒரு துண்டு குறைந்திருந்தது. மாமியின் வாய் அசைந்துகொண்டிருந்தது.

எனக்கு உலகம் நின்றுவிட்டது. மாமி மென்றா. நிறுத்தினா. கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பவும் மென்றா. கண்ணில் இலேசாகத் தண்ணீர் வந்தது. ஆனால் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. பிறகு, கடவுளே, விழுங்கினா.

குழுவின் விதியை நிரோஷன் அவவுக்குச் சொல்லிக் கூட்டி வந்திருக்க வேண்டும். தொண்டையைச் செருமிவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னா:

"நல்ல மணம் பிள்ளை."

நாக்கால் பல்லைத் துழாவினா.

"சீனிதான் கொஞ்சம் காணாது."

நான் கதிரையைப் பிடித்தபடி நின்றேன். சொன்னால், வருங்கால மாமிக்குச் சவர்க்காரம் தீத்தியவள் என்று மூதூர் முழுக்கப் பெயர் எடுப்பேன். சொல்லாவிட்டால் மஸ்கட் செய்யத் தெரிந்தவள் ஆகிவிடுவேன், சீனி குறைவு என்பது ஒரு பெரிய குற்றமா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சொல்லாமலே விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்போது மாமி கைலேஞ்சியை விரித்து, "வீட்டில இவருக்கு மஸ்கட் எண்டால் உயிர், ரெண்டு துண்டு கொண்டு போறன்" என்று எடுத்து முடிந்தா. நான் பாய்ந்துபோய், அது வேண்டாம் மாமி, அது பழசு என்றேன். அவவுடைய முகம் சற்றுச் சுருங்கியது. பழசையா எனக்குத் தந்தாய் என்பதா, இரண்டு துண்டுக்கு இவ்வளவு கஞ்சத்தனமா என்பதா, எதை நினைத்தாவோ தெரியாது.

அந்த நேரம் பார்த்து யாரோ இஞ்சி போட்ட பிளேன்ரீ கொண்டுவந்து மாமியின் கையில் கொடுத்தார்கள். அவவும் தாகமாக இருந்தவ போல ஒரே மூச்சில் பாதியைக் குடித்தா. குடித்துவிட்டு என் அப்பாவின் சுகத்தை விசாரிக்க வாயைத் திறந்தா. உதட்டோரத்தில் ஒரு சின்னக் குமிழி வந்தது. அது பெரிதாகி, யன்னல் வெளிச்சத்தில் பல நிறம் காட்டி, வெடித்தது. பிறகு இன்னொன்று.

"மாமி," என்றேன். "அது மஸ்கட் இல்லை. சவர்க்காரம்."

மாமி குமிழியைக் கையால் துடைத்தா. துடைத்த விரலைப் பார்த்தா.

"தெரிஞ்சோ பிள்ளை தந்தனீங்கள்?"

"நான் தரேல்லை மாமி. நீங்கள் எடுத்தனீங்கள்."

(இப்படி ஒரு பதிலை ஒரு மனுசி தன் மாமியாரிடம் கலியாணத்துக்கு முன்பு சொல்லலாமா? இன்றைக்கும் நினைத்தால் எனக்குக் காது சுடுகிறது.)

அதற்குள் பரீதா ராத்தா புதுத் தட்டோடு வந்து, என்ன நடந்தது என்று கேட்டு, அந்தக் காலாடுகிற கதிரையிலேயே இருந்துவிட்டா. கால்மிதி பின்னுகிற அக்கா முன்பு ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்தவ. ஒரு துண்டுதானே, வாயைக் கழுவித் தண்ணீர் குடிக்கட்டும், மிஞ்சிப்போனால் வயிறு ஒருக்கால் இளகும், பயப்பட ஒன்றுமில்லை என்றா. மாமியைப் பின்பக்கக் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கேதான் அடுத்த அவமானம். கொப்பளிக்கக் கொப்பளிக்க நுரை கூடியது. நல்ல சவர்க்காரம் என்பதற்கு அதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை. நான் அவவுடைய சாறித் தலைப்பு நனையாமல் பிடித்துக்கொண்டு அழுதேன். நிரோஷன் இனி எனக்கு இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்துவிட்டது.

மாமி நிமிர்ந்து முகத்தைத் துடைத்தா.

"நீங்கள் ஏன் மாமி துப்பேல்லை?" என்று கேட்டேன்.

"முதல் கடியிலேயே வாய்க்கு வைக்க ஏலாது எண்டு தெரிஞ்சது பிள்ளை. ஆனால் நீங்கள் அதை இவ்வளவு பேருக்கு முன்னால ஆசையா வச்சிருந்தனீங்கள். நான் துப்பினால் உங்கட முகம் என்னாகும்? அதுதான் விழுங்கினனான். அந்த ரெண்டு துண்டையும் போற வழியில கிண்ணியாப் பாலத்தில எறிஞ்சிருப்பன்."

எனக்கு அழுகை கூடிவிட்டது. என்னை முதல் தடவை காண்கிற ஒருவர் என் மானத்தைக் காப்பாற்றச் சவர்க்காரம் விழுங்கியிருக்கிறா. என் சொந்தச் சித்திகூட என் சாம்பாரை வாழைமரத்தடியில்தான் ஊற்றுவா.

"அழாதேங்கோ," என்றா மாமி. "சவர்க்காரம் எண்டு கேட்டாப்பிறகுதான் எனக்கு நிம்மதி. மஸ்கட்டே இப்பிடி எண்டால் என்ர பிள்ளை என்னத்தைத் திண்டு சீவிக்கிறது எண்டு யோசிச்சுக்கொண்டு நிண்டனான்."

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. என் சமையலிலும் இதைவிடப் பெரிதாக முன்னேற்றம் இல்லை மாமி என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொல்லியும்விட்டேன். அவ தன் சாறித் தலைப்பால் என் முகத்தைத் துடைத்தா. பிறகு, சமைக்கத் தெரியாது என்று நேரே சொன்ன முதல் பிள்ளை நான்தான் என்றும், இதற்கு முன்பு பார்த்த இடங்களில் எல்லோரும் தாங்களே சுட்டது என்று கடைப் பலகாரம் வைத்தார்கள் என்றும் சொல்லிச் சிரித்தா. சிரித்தபோது இன்னொரு குமிழி வந்தது. இரண்டு பேருமாகச் சிரித்தோம்.

வாசலில் மான் விரட்டிக் களைத்துப்போன நிரோஷன் அப்போதுதான் வந்து, என்ன அம்மா, பிள்ளையைப் பிடிச்சுதோ என்று கேட்டார். எங்கள் இருவரின் கண்ணும் சிவந்திருந்ததைப் பார்த்துப் பயந்துபோனார். மாமி நாள் பார்க்கச் சொல்லி வீட்டுக்குப் போன் எடுக்கும்படி சொன்னா.

கதை எங்களுக்கு முன்பே பாலம் கடந்து மூதூருக்குப் போய்விட்டது. கலியாணத்தன்று பரீதா ராத்தா ஒரு பெரிய தாம்பாளம் நிறைய மஸ்கட் கிண்டிக் கொண்டுவந்தா. மாப்பிள்ளை பகுதி ஆட்கள் ஒருவரும் தொடவில்லை. எடுத்துப் பார்த்தார்கள், மணந்து பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். மணவறையில் இருந்த எனக்குத் தாலி ஏறிய சந்தோசம் பாதி போய்விட்டது. மாமி அதைக் கண்டுவிட்டு எழும்பி வந்து, எல்லோரும் பார்க்க ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்று விழுங்கினா. அதற்குப் பிறகுதான் மற்றக் கைகள் நீண்டன.

நான் சமைக்கப் பழகிவிட்டேன், ஓரளவுக்கு. ஆனாலும் இன்றைக்கும் எங்கள் வீட்டில் நான் எதை மேசையில் வைத்தாலும் யாரும் உடனே கை வைப்பதில்லை. மாமி ஒரு வாய் எடுப்பா. எல்லோரும் காத்திருப்போம். மாமா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்பார்:

"நுரைக்குதோ?"

மாமி மெதுவாக மென்று, முகட்டைப் பார்த்து, எங்களை வேண்டுமென்றே காக்க வைத்துவிட்டுச் சொல்லுவா:

"இல்லை. சாப்பிடுங்கோ."