மாமாவின் எட்டுக்கு நான் போட்ட பாட்டு

மீன் பிடிக்கப் போகிறவர்கள் எல்லோரும் மீன் பிடிக்கத்தான் போகிறார்கள் என்று நம்பிவிடாதீர்கள். பாதிப்பேர் வீட்டிலிருந்து தப்பிப் போகிறவர்கள். மீதிப்பேர் (அடியேன் உட்பட) பாட்டுக் கேட்கப் போகிறவர்கள். கையில் தூண்டில் இருந்தால், இந்த மனுசன் ஏன் இவ்வளவு நேரமாகச் சும்மா குந்திக்கொண்டிருக்கிறான் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

இதில் எனக்குக் கூட்டாளி, என் மனைவி வதனியின் அப்பா. சனிக்கிழமைகளில் மகளை லண்டன் ஹரோவில் தமிழ் வகுப்பில் இறக்கிவிட்டு, மாமாவும் நானும் அங்கிருந்து கொஞ்சம் தள்ளியுள்ள குளத்துக்குப் போவோம். ஒரு சோடி இயர்போன். ஒன்று அவர் காதில், மற்றது என் காதில். பிடித்த மீனைத் திரும்பவும் தண்ணீரில் விட்டுவிட வேண்டும் என்பது அந்தக் குளத்தின் விதி. அதைக் கேள்விப்பட்டதும் மாமா, "அப்ப பிடிக்காமலே விடுவம். மீனுக்கும் சுகம், எங்களுக்கும் சுகம்" என்றார். அதற்குப் பிறகு பல நாட்கள் நாங்கள் இரை கொளுவியதே இல்லை.

ஒரு நவம்பரில் மாமா போய்விட்டார். நெஞ்சு நோகிறது என்றார், ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. சொந்த அப்பா இறந்தபோதுகூட நான் அப்படி அழவில்லை. அழுவதற்கும் இடமிருக்கவில்லை. வெம்பிளியில் எங்கள் வீட்டு வரவேற்பறை, மாடிப்படி, சமையலறை எல்லாம் ஆட்கள். மருமகன் என்பவன் கதிரை தூக்கவும், தேத்தண்ணீர் கொடுக்கவும், வந்தவர்களின் காருக்கு இடம் பார்த்துக் கொடுக்கவும் பிறந்தவன். நான் அதைச் செய்தேன்.

மாமிதான் எல்லோருக்கும் பயத்தைக் கொடுத்தார். மாமா இறந்த நாளிலிருந்து அவர் சோறு தொடவில்லை. ஒரு கதிரையில் இருந்தபடி தேத்தண்ணீரும் எப்போதாவது ஒரு விசுக்கோத்தும். மாமிக்குச் சீனி வருத்தம் வேறு. வருகிற சனம் எல்லாம் அவரைப் பார்த்து, "பாவம், ஒண்டும் வாயிலை வைக்கிறா இல்லை" என்று சொல்லிவிட்டு, எங்கள் வீட்டு வடையைச் சாப்பிட்டுப் போனது. இனியும் இப்படியே இருந்தால் ஆஸ்பத்திரியில்தான் கொண்டுபோய் விடவேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஒரே வீட்டிலிருந்து இன்னொருவரும் போய்விடுவாரோ என்று வதனி இரவும் பகலும் அழுதாள்.

எங்கள் நம்பிக்கை முழுவதும் எட்டுச்செலவின் மேல்தான் இருந்தது. இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம், மீன் இறைச்சி உட்பட, எட்டாம் நாள் சமைத்துப் படத்துக்கு முன்னால் படைப்பார்கள்; படைத்ததை வீட்டார் சாப்பிட்டே ஆகவேண்டும். அதுவரை வீட்டில் மரக்கறிதான். பாட்டு இல்லை, டிவி இல்லை. (லண்டனில் உடலைத் தரவே பல நாட்கள் எடுக்கும். எட்டை இறந்த நாளிலிருந்து எண்ணுவதா, எரித்த நாளிலிருந்து எண்ணுவதா என்று ரொறன்ரோவிலிருந்து வந்திறங்கிய வதனியின் தம்பி ரூபன் பெரிய பட்டிமன்றமே வைத்தான். எரித்த நாள் வென்றது. மாமி இன்னும் சில நாட்கள் பட்டினி.)

அன்று காலை கறிகள் எல்லாம் அடுப்பில் இருக்கும்போதுதான் வாழையிலை வாங்கவில்லை என்பது தெரியவந்தது. வதனி என்னைப் பார்த்தாள்.

"ஓடிப்போய் வாங்கிக்கொண்டு வாங்கோப்பா. இண்டைக்காவது அம்மா சாப்பிடவேணும். சுணங்கிப் போடாதேங்கோ."

"இந்தா வாறன்" என்றேன்.

இலை வாங்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. காரில் ஏறியதும்தான் தெரிந்தது, இத்தனை நாட்களில் நான் முதல்முறையாகத் தனியாக இருக்கிறேன் என்று. டிக்கிக்குள் மாமாவின் தூண்டில் அப்படியே கிடந்தது. கறி முடிய இன்னும் நேரமிருக்கிறது, கால்மணித்தியாலம் குளத்தைப் பார்த்துவிட்டு வருவோம் என்று எனக்கு நானே அனுமதி கொடுத்துக்கொண்டேன்.

குளம் சாம்பல் நிறத்தில் கிடந்தது. தூறல். தூரத்தில் ஒரு வெள்ளைக்காரர் பச்சைக் குடைக்குள் அசையாமல் இருந்தார். மாமா வழமையாக உட்காரும் இடம் சேறாகியிருந்தது. கை சும்மா இருக்க முடியாமல் காரில் கிடந்த காய்ந்த பாண் துண்டொன்றைக் கொளுவித் தூண்டிலைப் போட்டேன். வீட்டிலிருந்து யாரும் கூப்பிடாதபடி போனை மௌனமாக்கினேன். இயர்போனைக் காதில் செருகி, நாங்கள் கேட்கிற பாட்டு வரிசையை அழுத்தினேன்.

சத்தம் வரவில்லை.

கூட்டினேன். வரவில்லை. கடைசி வரைக்கும் கூட்டினேன். இயர்போனைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்து மறுபடி செருகினேன். பாட்டில்தான் பிழையோ என்று அதை விட்டு அடுத்ததைப் போட்டேன். பிறகு ஒரு டூயட். பிறகு மேளம் கிழியக் கிழிய அடிக்கிற ஒரு குத்துப்பாட்டு. திரையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, காதில் மட்டும் ஒன்றுமில்லை. (நான் கம்ப்யூட்டர் துறையில் வேலை செய்கிறேன் என்று சொல்லித்தான் பெண் கேட்டார்கள்.)

என் மகள் எப்போதும் என் போனில்தான் பாட்டுப் போடுவாள். கடைசியாக அவள் போட்டது வரவேற்பறை அலுமாரியில் இருக்கும் அவளுடைய ஸ்பீக்கரில். எத்தனை மைல் தள்ளி நின்று அழுத்தினாலும், கடைசியாகப் பாடிய ஸ்பீக்கரையே இணையம் வழியாகத் தேடிப் போய்ப் பாடுவது அந்தப் பாட்டுச் செயலியின் விசுவாசம். ஒருமுறை தொடங்கிவிட்டால், போன் செத்தாலும் ஸ்பீக்கர் நிறுத்தாது. அந்த ஸ்பீக்கருக்குப் பக்கத்தில்தான் மாமாவின் மாலை போட்ட படம் இருந்தது. படத்துக்கு முன்னால் சனம் தேவாரம் பாடிக்கொண்டிருந்தது.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்துகொள்ளவும் விதி விடவில்லை. அந்த நேரம் பார்த்துத் தூண்டில் வளைந்தது. என் வாழ்க்கையில் முதல் மீன்! மாமாவின் தூண்டில் தண்ணீருக்குள் இழுபட, நான் பாய்ந்து அதைப் பிடித்து, முழங்கால் மட்டும் சேற்றுக்குள் இறங்கினேன். குனிந்தபோது சட்டைப் பையிலிருந்த போன் 'ப்ளக்' என்று விழுந்து குளத்தோடு போய்விட்டது. மீனும் போய்விட்டது. தூண்டில் மட்டும் மிஞ்சியது. குடைக்குள் இருந்தவர் தலையைத் திருப்பி, "பெரிசா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். எது என்று கேட்க எனக்குத் தெம்பில்லை.

வீட்டுத் தெருவில் காரை நிறுத்தும்போதே பாட்டுக் கேட்டது. செத்தவீட்டுத் தெருவில் எவனடா இப்படிப் போடுகிறான் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. வாசலை நெருங்கிய பிறகுதான், அது எங்கள் வீட்டிலிருந்து வருகிறது என்று தெரிந்தது. வதனி கதவைத் திறந்தாள்.

"எங்கை போனனீங்கள்? எத்தினை தரம் அடிச்சனான்!"

"போன் விழுந்திட்டுது. உள்ளுக்கு என்ன…"

"பேசாமல் வாங்கோ. பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்காதேங்கோ."

உள்ளே இன்னொரு குத்துப்பாட்டு அதிர்ந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் முப்பது பேர் கைகூப்பியபடி நின்றார்கள். ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஸ்பீக்கருக்குக் கீழே, நிலத்தில், மாமி ஒரு பீங்கான் கோப்பையில் சோறும் மீன்குழம்பும் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ரூபன் என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனான். "அத்தான், உங்கடை வேலை எண்டு எனக்குத் தெரியும். கழட்டப் போனனான். அம்மா 'தொடாதை'யெண்டு கத்தினவ. 'இது அப்பாவின்ரை பாட்டு, அப்பா வந்திட்டார், இலையைப் பார்த்துக்கொண்டு நிக்காமல் படையுங்கோ' எண்டு சொல்லி, படைச்ச கையோடை தானும் போட்டுச் சாப்பிடத் தொடங்கிட்டா."

"நான் போய்ச் சொல்லட்டே?"

"சொன்னீங்களெண்டால் கொலைதான் விழும்."

நான் வாழையிலைக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, சேறு சொட்டச் சொட்ட, அந்தப் பாட்டுக்குக் கைகூப்பி நின்றேன். மாமா இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார் என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. பார்த்தவர்கள் மருமகனின் பக்தியை மெச்சினார்கள்.

அன்றிலிருந்து 'இலை வாங்கப் போனவர்' என்பது எங்கள் குடும்பத்தில் என் பட்டப்பெயர். மாமியின் காதுக்கு எட்டாமல் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அதைவிடப் பெரிய தண்டனை ஒன்றும் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு திவசத்துக்கும் மாமி ஸ்பீக்கரைத் துடைத்துப் படத்துக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்வார். உடனே வதனி என்னைக் குளத்தடிக்குத் துரத்துவாள். மாடியில் நின்று அழுத்தினால் போதாதா என்றால், "உங்கடை முகம் காட்டிக் குடுத்திடும்" என்பாள். வருடா வருடம் நவம்பர்க் குளிரில் தனியாக நின்று, எனக்குக் கேட்காத பாட்டை நான் போட்டுவிடுகிறேன்.

போன திவசத்துக்கு முதல்நாள் மாமியை ஆர்ச்வே முருகன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். சிவப்பு விளக்கில் கார் நின்றபோது மாமி சொன்னார்:

"தம்பி, நாளைக்குக் குளத்தடிக்குப் போகேக்கை தொப்பியைப் போட்டுக்கொண்டு போங்கோ. மழையாம்."

விளக்கு பச்சையானதுகூட எனக்குத் தெரியவில்லை. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.

"எப்ப தெரியும், மாமி?"

"அண்டைக்கே தெரியும். சேறும் கையுமா வந்து நிண்டனீங்கள், தெரியாதே?"

"பிறகேன் மாமா வந்திட்டார் எண்டு சொன்னனீங்கள்?"

மாமி மடியிலிருந்த அர்ச்சனைத் தட்டை நேராக்கினார்.

"பசிச்சது, தம்பி. முதல் ரெண்டு மூண்டு நாள் உண்மையாவே இறங்கேல்லை. பிறகு பசி. ஆனால் வீடு முழுக்கச் சனம், எல்லாரும் என்ரை வாயையே பார்த்துக்கொண்டிருக்கினம். மனுசன் போன கையோடை இவள் சோத்திலை கை வைச்சிட்டாள் எண்டு சொல்லுவினம். நானா எழும்பிப் போய் எப்பிடிச் சாப்பிடுறது? அந்த நேரம் பார்த்து நீங்கள் பாட்டைப் போட்டீங்கள்."

"வதனிக்குச் சொல்லட்டே?"

"வேண்டாம். பிள்ளையள் சந்தோசமா எனக்கு ஒளிக்கினம். ஒளிக்கட்டும்."

மறுநாள் குளத்தடியில் நல்ல மழை. தொப்பியைப் போட்டுக்கொண்டு நின்று பாட்டை அழுத்தினேன். அது முடியும் நேரத்தில் வதனியிடமிருந்து செய்தி வந்தது: அம்மா இரண்டாம் தரம் சோறு போட்டிருக்கிறா.

அடுத்த பாட்டையும் போட்டுவிட்டேன்.