லேண்ட்மார்க்கின் நுரையீரலுக்கு வழி

சென்னைக்கு மேற்கே வழி தவறியவர்களை எல்லாம் வரிசையில் நிற்க வைத்தால், வரிசை முகப்பேரில் தொடங்கி ஆவடியைத் தாண்டிப் போகும். அதில் பாதிப் பேருக்கு வழி சொன்னவர் லேண்ட்மார்க். மீதிப் பேர், அந்தப் பாதிப் பேரிடம் வழி கேட்டவர்கள்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதால் அரசாங்கத்துக்கு அது தெரிந்திருக்கும். எங்கள் முகப்பேர் குடியிருப்பில் யாருக்கும் தெரியாது. கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வழி சொல்வதுதான் ஓய்வுக்குப் பிறகு அவர் தேடிக்கொண்ட உத்தியோகம். கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

வீட்டு எண், பிளாக் எண் இதெல்லாம் அவருக்குப் பிடிக்காது. அடையாளம்தான் வேண்டும். அதில் ஒரே ஒரு சிக்கல். அவர் சொல்லும் அடையாளங்கள் எல்லாம் இடம் பெயரக்கூடியவை.

நான் அங்கே குடிவந்த அன்று, சாமான் வண்டியை நிறுத்தி அவரிடம்தான் வழி கேட்டேன்.

"நேரா போ. ஒரு செவல மாடு படுத்துகினு இருக்கும். அத்தாண்ட லெப்ட்ல திரும்பு."

"மாடு எழுந்து போயிருந்தா?"

"அது இன்னாத்துக்குப் போவப் போவுது? டெய்லி அங்கதான் படுக்கும்."

அன்றைக்கு அது அடுத்த தெருவில் படுத்திருந்தது. நாலு எழுத்துப் படித்தவன், அதையும் பத்திரிகையில் எழுதிப் பிழைக்கிறவன், மாட்டை நம்பித் திரும்பினேன். என் பீரோவை முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் மூன்றாவது மாடிக்கு ஏற்றி முடித்த பிறகுதான், அந்த வீட்டம்மா கதவைத் திறந்து, "இதை யார் ஆர்டர் பண்ணது?" என்று கேட்டார்.

தன் பெண்ணின் கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்துக்கு அவர் சேர்த்த வழிக்குறிப்பு: 'எதிரில் பச்சைச் சுவர்.' கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு ஒரு சிமெண்ட் கம்பெனி அந்தச் சுவரை மஞ்சளாக்கி விளம்பரம் எழுதிவிட்டது. அதே சாலையில் இன்னொரு மண்டபத்துக்கு எதிரே பச்சைச் சுவர் இருந்தது. விருந்தினரில் பலர் யாருடைய கல்யாணத்திலோ வாழ்த்திச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். அங்கே வடை நன்றாக இருந்தது. சாப்பிட்டவன் சொல்கிறேன்.

செல்போன் வரைபடத்தோடு அவருக்கு நேரடிப் பகை. சாப்பாடு கொண்டுவரும் பையன்களின் போனில் பேசும் குரலைக் கேட்டாலே நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார்.

"யார்ரா அந்தப் பொண்ணு? எந்த ஊரு? முகப்பேரை ஒரு வாட்டியாச்சும் கண்ணால பாத்துகீதா?"

இப்படிப்பட்டவருக்கு ஒரு மழைக்காலத்தில் இருமல் வந்தது. இருமல் போய்விட்டது. அதற்காக எடுத்த ஸ்கேன் மட்டும் ஒரு புள்ளியைக் காட்டிவிட்டு நின்றது. சில மாதம் கழித்து மறுபடி எடுத்தார்கள். புள்ளி கொஞ்சம் வளர்ந்திருந்தது.

"ரைட்டர் சார், நீயும் கூட வா. டாக்டரு இங்கிலீஷ்ல எதுனா சொல்லிட்டா எனக்குப் புரியாது" என்றார்.

எங்கள் குடியிருப்பில் ரைட்டர் என்றால் போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர். அக்கம்பக்கத்தார் என்னிடம் பணிவாக நடந்துகொள்வதற்குக் காரணம் அதுதான் என்று தெரிந்தும் நான் யாரையும் திருத்தியதில்லை. அந்த மரியாதையோடு போனேன்.

நெஞ்சு அறுவை செய்யும் டாக்டர் ஓர் அம்மா. அழகான தமிழில் பேசியதால் நான் வந்த வேலை அங்கேயே முடிந்தது. "ஐயா, வலது நுரையீரல், கீழ்ப் பகுதி. கொத்தமல்லி விதை அளவுதான். ஊசியில கிள்ளி எடுத்துப் பாக்க முடியாத அளவுக்குச் சின்னது. புற்றா, வேற எதாவதான்னு முழுசா எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும்."

புற்று என்ற அந்த ஒரு சொல்லில், கூட வந்திருந்த அவர் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். லேண்ட்மார்க் மட்டும் திரையில் தெரிந்த புள்ளியை உற்றுப் பார்த்தார்.

"இவ்ளோ தெளிவா தெரியுதே டாக்டரம்மா. நேரா போயி எட்த்துட வேண்டியதுதானே?"

"இந்தப் படம் நீங்க மூச்சை இழுத்துப் பிடிச்சப்போ எடுத்தது. ஆபரேஷன்ல அந்தப் பக்கத்து நுரையீரல்ல காத்தை இறக்கிடுவோம். பலூன் மாதிரி சுருங்கிடும். அப்போ புள்ளி இதே இடத்துல இருக்காது. சின்னச் சின்ன துளை போட்டு, கேமரா வழியா செய்யறதால கையை விட்டுத் தடவிப் பாக்கவும் முடியாது."

ஷேர் ஆட்டோவில் திரும்பினோம். வழியில் ஒருவர் ஆட்டோவை மறித்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு எப்படிப் போவது என்று கேட்டபோதுகூட லேண்ட்மார்க் வழி சொல்லவில்லை. இறங்கும்போதுதான் என் தோளைத் தொட்டார்.

"மாடு எந்திரிச்சிப் பூடும்ன்றாங்க சார்."

நுரையீரல் அறுவையின் சிரமத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல என்னால் முடியாது. சிரிக்கவும் முடியவில்லை.

அடுத்த முறை போனபோது டாக்டரம்மா மாட்டைக் கட்டிப்போடும் வழியைச் சொன்னார். ஆபரேஷன் அன்று காலையிலேயே ஸ்கேன் மிஷினில் படுக்க வைப்பார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, படம் பார்த்துக்கொண்டே முதுகு வழியாக ஒரு மெல்லிய கம்பியைப் புள்ளிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். கம்பியின் நுனியில் கொக்கி இருக்கும். நுரையீரல் எப்படிச் சுருங்கினாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டே போனால் புள்ளி.

"கம்பி அவுந்துகிச்சின்னா?"

"எப்பவாவது நகரும். அதனால கூடவே கொஞ்சம் நீலச் சாயமும் விடுவோம். நுரையீரல் மேலே நீலமாத் தெரியும்."

"பெயிண்ட்ட நம்பக்கூடாது டாக்டரம்மா. எம் பொண்ணு கல்யாணத்துல நான் பட்டுகீறேன்."

பச்சைச் சுவர் கதையை முழுதாகச் சொன்னார். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றது சரிதான் ஐயா. சாயம் நேரமாச்சுன்னா பரவிடும். அதான் கம்பி வெச்ச கையோட ஆபரேஷன் தியேட்டருக்குப் போயிடணும். நடுவுல எங்கேயும் நிக்கக் கூடாது."

அந்த நாள் வந்தது. ஸ்கேன் அறைக்கு வெளியே நானும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தோம்.

"உள்ள வாயை வெச்சிகினு சும்மா இருப்பாரா சார் இந்த மனுசன்?" என்றார் அந்த அம்மா. பயத்தைக் கோபமாக மாற்றிக்கொள்ளும் திறமை அவருக்கு உண்டு.

இருந்திருக்கிறார். பேசினால் மூச்சு மாறும், மூச்சு மாறினால் புள்ளி நகரும் என்று சொல்லி வைத்திருந்தார்கள். ஆயுள் முழுக்க அடுத்தவருக்கு வழி சொன்ன ஆள், தன் முதுகு வழியாக யாரோ வழி தேடும்போது வாயை மூடிக் குப்புறப் படுத்திருந்தார். ஒரே ஒரு தடவை விரலை மட்டும் தூக்கி லெப்ட் என்று காட்டினாராம். யாருடைய லெப்ட் என்று தெரியாததால் டாக்டர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. நல்லவேளை.

கதவு திறந்தது. ஸ்ட்ரெச்சரில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். கம்பி வெளியே வரும் இடத்தில் பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. தள்ள வந்தவர் அன்றைக்குத்தான் வேலையில் சேர்ந்தவர் போலிருக்கிறது. தாழ்வாரம் இரண்டாகப் பிரியும் இடத்தில் நின்றார்.

"தியேட்டரு இப்படியா, அப்படியா?"

கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்கக் கூடாத ஆளுக்குப் பக்கத்தில் கேட்டுவிட்டார். லேண்ட்மார்க்கின் மனைவி என் கையைப் பிடித்தார். சாயம் உள்ளே பரவிக்கொண்டிருக்கிறது. எங்கள் கண்ணெதிரில் அவர் கணவரின் கை மெல்ல மேலே எழுந்தது. வலது மூலையில் ஒரு தண்ணீர் கேன் இருந்தது. இடது பக்கம் துடைப்பத்தோடு ஓர் ஆயா நின்றிருந்தார். இரண்டையும் அவர் பார்த்ததை நான் பார்த்தேன்.

கை நின்றது. இறங்கியது.

"போர்டைப் பாத்துப் போ நைனா" என்றார்.

அவர் வாயிலிருந்து போர்டு என்ற சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்போதுதான் அவர் எவ்வளவு பயந்திருக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது.

மத்தியானத்துக்கு மேல் டாக்டரம்மா வெளியே வந்து முகக்கவசத்தை இறக்கினார். "கம்பி வெச்ச இடத்துலயே இருந்தது. நீலமும் தெரிஞ்சது. புள்ளியை எடுத்தாச்சு." மனைவி அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார். நான் ஜன்னல் பக்கம் போய் நின்றேன். ஹாஸ்யம் எழுதுகிறவன் பொது இடத்தில் கண்ணைத் துடைத்தால் தொழில் கெட்டுவிடும்.

சோதனை முடிவு வர ஒரு வாரம் ஆயிற்று. அந்த வாரம் முழுக்க கேட்டுப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. எங்கள் தெருவில் யாருமே வழி தவறவில்லை. பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

முடிவு வந்தது. புற்று இல்லை. எப்போதோ வந்துபோன ஏதோ தொற்று விட்டுச்சென்ற சின்ன முடிச்சு.

"இதுக்காய்யா எங்க உசுர எடுத்த?" என்று மனைவி சத்தம் போட்டார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சந்தோஷமான சத்தம் அது.

லேண்ட்மார்க் என் பக்கம் திரும்பினார். "அட்ரஸு கரீட்டு ரைட்டர் சார். ஆளுதான் வேற."

இப்போது அவர் மாங்காட்டுக்கு மகள் வீட்டோடு போய்விட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லிக் கூப்பிட்டார். போனில் வழி சொல்லத் தொடங்கியதும் நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன். எழுதி என்ன ஆகப்போகிறது?

"கோயிலாண்ட எறங்கு. அப்பால ரெண்டாவது சந்து. மொனையில நீலச் சட்டை போட்டுகினு ஒர்த்தன் நிப்பான். அதான் அடையாளம்."

"யாரு அது?"

"நான்தான்."

குமணன்சாவடியில் பஸ் மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். உச்சி வெயில். எந்த மாடும் எழுந்து போய்விடக்கூடிய வெயில். சந்து முனையில் நீலச் சட்டை முதுகோடு ஒட்டிப்போக, அவர் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.