மரகதத்தைத் தீர்த்துக்கட்ட ஒரு கடிதம்

மரகதம் சாக வேண்டும் என்று நான் முடிவு செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை ஏழே முக்காலுக்கு.

பதறாதீர்கள். மரகதம் என் மனைவி இல்லை. என் மனைவி பெயர் வத்சலா. மரகதம் என்பவள் வாரம் ஐந்து நாள், ஏழரையிலிருந்து எட்டு வரை, எங்கள் கல்கத்தா லேக் கார்டன்ஸ் ஃப்ளாட்டுக்கு வந்து அழுதுவிட்டுப் போகிற டி.வி. சீரியல் கதாநாயகி. கேபிள்காரன் எங்கள் கட்டிடத்துக்குத் தமிழ்ச் சானல் கொடுத்தானோ இல்லையோ, என் தட்டில் சூடு போயிற்று. முன்பெல்லாம் அலிப்பூர் ஆபீஸிலிருந்து ஏழு மணிக்கு வந்தால் ஏழரைக்குச் சாத்தமுது ஆவி பறக்கும். இப்போது மரகதம்தான் பறக்கிறாள், பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்குமாக.

"வத்சலா, பசிக்கறது."

"உஸ்! இருங்கோன்னா. மரகதம் தாலியக் கழட்டப் போறா."

"போன வெள்ளிக்கிழமையே கழட்டப் போனாளே?"

"கைய வச்சா. இன்னும் கழட்டல."

வத்சலாவுக்குப் பக்கத்தில் அடுத்த ஃப்ளாட் ரத்னா பௌதி. பௌதி என்றால் பெங்காலியில் அண்ணி. இந்த அண்ணிக்குத் தமிழில் ஒரு எழுத்து தெரியாது. அழுகைக்கு எதற்குத் தமிழ்? அபிப்பிராயம் மட்டும் வண்டி வண்டியாக வைத்திருந்தாள்.

"மாமியார் பண்றதுல தப்பே இல்லைங்கறா பௌதி," என்றாள் வத்சலா. "நான் சொல்றேன், தப்பெல்லாம் அந்த ஆம்படையான் தினகரன் மேலதான். பொண்டாட்டிக்குப் பரிஞ்சு ஒரு தடவை வாயத் திறந்தானா?"

"எப்படித் திறப்பான்? ஆறு மாசமா மொட்டை மாடில நின்னு சிகரெட் சாப்பிட்டுண்டிருக்கானே!" என்றேன்.

"உங்கள யாரு கேட்டா?"

அந்த நிமிஷம்தான் என் ரத்தம் கொதித்தது. குழம்புதான் கொதிக்கவில்லை, ரத்தமாவது கொதிக்கட்டும்! இந்த மாதம் முடிவதற்குள் மரகதத்தை ஒழிக்காவிட்டால் என் பெயர் வீரராகவன் இல்லை, வெறும் ராகவன் என்று சபதம் செய்தேன்.

வழியையும் அந்தச் சானலே காட்டியது. ஞாயிற்றுக்கிழமைகளில் நேயர் கடிதங்களை வாசிப்பார்கள். 'மரகதம் அடுத்து என்ன செய்ய வேண்டும்? நீங்களே எழுதுங்கள்!' என்று ஒரு பெண் சிரித்துக்கொண்டே கேட்பாள். ஆபீஸில் லஞ்ச் நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினேன்:

'ஐயா, நான் ஒரு குடும்பப் பெண். சதா சிகரெட் சாப்பிடும் கணவனோடும், எந்நேரமும் மாமியாரிடம் திட்டு சாப்பிட்டும் மரகதம் வாழ்வதைவிட, அவள் மேல் ஒரு லாரி ஏறிவிடுவது நல்லது. பெரிய லாரியாக இருக்கட்டும். கதையை உடனே முடிக்கவும். இப்படிக்கு, சுந்தரவல்லி, கும்பகோணம்.'

கல்கத்தா முத்திரை விழக்கூடாதே! மதராஸுக்கு டூர் போன எங்கள் ஆபீஸ் மருதமுத்துவிடம் கொடுத்து அங்கே தபாலில் போடச் சொன்னேன். என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே புல்லரித்தது.

அடுத்த ஞாயிறே வாசித்துவிட்டார்கள். சிகரெட் வந்த இடத்தில் அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வத்சலா அதை அப்படியே பௌதிக்குப் பெங்காலியில் சொன்னாள். பௌதி சிரிக்கவில்லை. "சரியாத்தானே எழுதியிருக்கா? சிகரெட்டை எல்லாரும் சாப்பிடத்தானே செய்யறா!" என்று ஆச்சரியப்பட்டாள்.

எனக்குச் சொரேல் என்றது. பெங்காலியில் எல்லாமே சாப்பாடுதான். தண்ணீரைச் சாப்பிடுவார்கள், சிகரெட்டைச் சாப்பிடுவார்கள், உதையைச் சாப்பிடுவார்கள், முத்தத்தைக்கூட விடமாட்டார்கள், சாப்பிட்டுவிடுவார்கள். நான் இங்கேயே பாலிகஞ்சில் பிறந்து வளர்ந்தவன். வத்சலாவோ மன்னார்குடி.

"ஏன்னா," என்றாள் மெதுவாக. "கும்பகோணத்துல சிகரெட்டச் சாப்பிடுவாளோ?"

"சில பேர்... சாப்பிடலாம்."

"தொட்டுக்க என்ன?"

நான் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டேன். அவள் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவில்லையே என்று நான் சந்தோஷப்பட்டேன் பாருங்கள், அங்கேதான் நான் முட்டாள்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை, நம்பமாட்டீர்கள், மரகதத்தை லாரி இடித்தது! பெரிய லாரிதான். வத்சலா வாயைப் பொத்திக்கொண்டாள், பௌதி வாய்விட்டு அழுதாள், நான் வாயெல்லாம் பல்லாகக் கடைக்கு ஓடி ஒரு சட்டி மிஷ்டி தோய் வாங்கி வந்தேன். தயிரில் இத்தனை தித்திப்பு உண்டு என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. திங்கட்கிழமை முதல் ஏழரைக்குச் சூடான சாதம்! ஞாயிற்றுக்கிழமை சட்டமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டு டி.வி. முன்னால் நானே உட்கார்ந்தேன்.

"மரகதம் பிழைப்பாளா?" என்று கேட்டாள் அந்தப் பெண். "கல்கத்தாவிலிருந்து ஒரு ஆண் நேயர் உருக்கமாக எழுதியிருக்கிறார். திரு. வீரராகவன், லேக் கார்டன்ஸ்."

நாற்காலி ஆடியது. நான்தான் ஆடியிருக்கிறேன்.

'ஐயா, நான் அலிப்பூரில் பொறுப்பான உத்தியோகத்தில் இருப்பவன். ஆனாலும் மரகதத்தை நினைத்துத் தினமும் அழுகிறேன். அழுததற்காக மனைவியிடம் நிறையத் திட்டு சாப்பிட்டிருக்கிறேன். சுந்தரவல்லி சொன்ன லாரியே ஏறினாலும், தயவுசெய்து மரகதத்தைப் பிழைக்க வையுங்கள். அரை மணி நேரம் போதவே இல்லை, ஒரு மணி நேரமாக்குங்கள். என் மனைவி நிம்மதியாகப் பார்க்கட்டும். நான் சமையலறையில் இருந்தபடி காதால் கேட்டுக்கொண்டே சமையலைக் கவனித்துக்கொள்கிறேன்.'

"இந்த அன்பு நேயருக்காக," என்றாள் அந்தப் பெண், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளை முதல் நம் மரகதம் ஒரு மணி நேரம்!"

நான் வத்சலாவைப் பார்த்தேன். வத்சலா மின்விசிறியைப் பார்த்தாள். டெலிபோன் மணி அடித்தது. மருதமுத்து.

"சார், டி.வி.ல உங்க லெட்டர் கேட்டேன். வீட்ல எல்லாரும் அழுதுட்டோம்."

"யோவ், அது நான் எழுதலய்யா!"

"சும்மா இருங்க சார். 'திட்டு சாப்பிட்டேன்'னு உங்களை விட்டா வேற யாரு எழுதுவாங்க?"

போனை வைத்தேன். வத்சலா ஒரு ஏப்ரனைக் கொண்டு வந்து என் மடியில் வைத்தாள்.

"எழுதிக் குடுத்த வார்த்தைய மீறப்படாதுன்னா. ஊரே கேட்டிருக்கு."

திங்கட்கிழமை ஏழரைக்கு மரகதம் ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது நான் நாலாவது வெங்காயத்தை நறுக்கிக்கொண்டிருந்தேன். கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. புறங்கையால் துடைத்துக்கொண்டு திரும்பினால், வாசற்படியில் வத்சலாவும் பௌதியும்.

"பாத்தியா பௌதி," என்றாள் வத்சலா, "நான்தான் சொன்னேனே, இவர் மரகதத்துக்காக நிஜமாவே அழறார்!"