எட்டுச் சிலிண்டர் வாசித்த கெட்டிமேளம்

ரொறன்ரோவில் கார் எஞ்சினுக்குச் சுருதி சேர்த்த மனிதர் ஒருவர்தான். அவருக்கு முன்னும் யாருமில்லை, பின்னும் யாருமில்லை. பார்க்டேலில் நாங்கள் குடியிருந்த மாடிக் கட்டடத்தில் அவருடைய சொந்தப் பெயர் தபால்காரனுக்கு மட்டும்தான் தெரியும். எங்களுக்கு அவர் எட்டுச் சிலிண்டர் அண்ணை. அவருக்கு நான் ஒரு துரோகம் செய்தேன். அதையும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. பெற்றோல் விலை ஏறி, ஊரெல்லாம் சின்னக் காருக்கு மாறிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, காப்புறுதிக் கந்தோரில் கழுத்துப்பட்டியோடு கணக்குப் பார்த்த அண்ணை, அமெரிக்க மசில் கார் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். செம்மஞ்சள் நிறம். முன்பாதி முழுக்க எஞ்சின். பின்பாதி, எஞ்சின் தனியே போகாமலிருக்க ஒரு துணை. பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு ஊட்டும் காபரேற்றருக்கு நாலு வாய். நாலும் ஒரே நேரத்தில் குடித்ததால், பெற்றோல் நிலையத்து முதலாளி அண்ணையைக் கண்டால் எழுந்து நிற்பார்.

அந்தக் காரை அவர் இருந்தபடி விடவில்லை. வால்வுகளைக் கூடுதலாகத் திறக்கும் காம் தண்டு ஒன்றை வாங்கிப் பூட்டினார். அதன் பிறகு கார் ஓடும்போது புலி, நிற்கும்போது நொண்டி. வாகனத் தரிப்பில் நின்றபடி 'டக... டக டக... டக' என்று தடுமாறும். அதைச் சீராக்கத்தான் அண்ணை ஞாயிறு காலைகளில் சுருதிப்பெட்டியைக் கொண்டு இறங்குவார். எஞ்சினை மூடும் பொனெற்றைத் திறந்து, பெட்டியை ஓரத்தில் வைத்து, ஒரு கையால் துருத்தியை அமுக்கி, மறு கையால் காபரேற்றரின் திருகாணியை முடுக்குவார்.

"அண்ணை, அதுக்குத்தானே மீற்றர் இருக்கு?" என்று கேட்டேன். நான் அப்போது பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் ஆராய்ச்சி மாணவன்.

"மீற்றர் செவிடு, தம்பி. அதுக்கு எண் தெரியும், நாதம் தெரியாது."

எட்டுச் சிலிண்டர் எட்டு அட்சரம், ஆகவே எஞ்சின் ஆதிதாளம் என்பது அவர் சித்தாந்தம். சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசையை எந்நேரமும் தாளம் போட்டுச் சொல்வார்: "ஒண்டு எட்டு நாலு மூண்டு, ஆறு அஞ்சு ஏழு ரெண்டு." லிஃப்ற்றில் சொல்வார், பஸ் தரிப்பில் சொல்வார். கட்டடக் காவலாளி அதைப் பிரார்த்தனை என்று நினைத்து, லிஃப்ற்றில் அண்ணையைக் கண்டால் தொப்பியைக் கழற்றிவிடுவார்.

இந்த நிலையில் எனக்குக் கலியாணம் வந்தது. மங்களா இலங்கையிலிருந்து தனியாக விமானம் ஏறி வந்தாள். வந்த நாள் தொடக்கம் அவளுக்கு ஒரே கவலை. தாலி ஏறும்போது கெட்டிமேளம் கேட்க வேண்டும், அந்த நேரம் ஆரும் தும்மினாலும் காதில் விழக்கூடாது என்று அவளுடைய அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். அன்றைக்கு இந்த நகரத்தில் தவிலும் இல்லை, தவில்காரரும் இல்லை.

"மேளம் என்னட்ட இருக்கே, பிள்ளை!" என்றார் அண்ணை. "மண்டப வாசலில நிப்பாட்டி வைக்கிறன். ஐயர் சொன்ன உடன ஒரு முறுக்கு. தும்மல் என்ன, இடி விழுந்தாலும் கேளாது."

மங்களா விழுந்து விழுந்து சிரித்தாள். கனடாவுக்கு வந்தபின் அவள் சிரித்ததை அன்றுதான் கண்டேன். "அதுதான் வேணும் அண்ணை," என்றாள்.

எனக்கோ வெட்கம். என் பேராசிரியர் கலியாணத்துக்கு வருகிறார். பட்டதாரி மாப்பிள்ளை எஞ்சின் உறுமலில் தாலி கட்டினான் என்று அவர் போய்ச் சொல்வதா? வேண்டாம் என்று அண்ணையிடம் நேரே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கலியாணத்தன்று காலை, அண்ணை மண்டப வாசலில் கொண்டுவந்து நிப்பாட்டியிருந்த காருக்குப் பூமாலை கட்டுகிறேன் என்று போய், பொனெற்றைத் திறந்து, ஐந்தாம் சிலிண்டரின் பிளக் வயரையும் ஏழாம் சிலிண்டரின் வயரையும் மாற்றிக் கொழுவினேன். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை, ஒன்றன்பின் ஒன்றாக வெடிப்பவை. மாற்றினால் எஞ்சின் இருமுமே தவிரப் பாடாது. மேளத்துக்கு நான் ஒரு கசெற் ஆயத்தமாக வைத்திருந்தேன்.

கிறிஸ்தவ தேவாலயம் ஒன்றின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் கலியாணம். ஐயராக இருந்தவர் கும்பகோணத்துக்காரர். வார நாட்களில் புள்ளியியல் படிப்பித்தவர். "கெட்டிமேளம்!" என்று அவர் கை தூக்க, என் நண்பன் கசெற்றை அமுக்கினான். கசெற் பெட்டிக்குள் இருந்தது இரவு முழுக்கக் குளிருக்குள் கிடந்த பற்றரி. நாதஸ்வரம் இழுத்து இழுத்து, ஒப்பாரியாக வந்தது.

"நிறுத்துங்கோ, நிறுத்துங்கோ! யாரோ போயிட்ட மாதிரின்னா இருக்கு!" என்று ஐயர் அலறினார்.

கசெற் நின்றது. மண்டபத்தில் சத்தமே இல்லை. தாலி என் கையில். ஓமப்புகை நேரே பேராசிரியரிடம் போனது. அவருடைய மூக்கு மெதுவாக மேலே எழும்பியது, வாய் திறந்தது. மங்களாவும் அதைக் கண்டுவிட்டாள். அவள் கண் நிறைந்தது.

வெளியே 'கிர்... கிர்...' என்று ஒரு சத்தம். பிறகு, டுமீல்! யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இன்னொரு டுமீல்! ஐயர் தேங்காய்த் தட்டால் தலையை மறைத்துக்கொண்டு மந்திரத்தைத் தொடர்ந்தார். நான் முடிச்சைப் போட்டேன். பேராசிரியர் தும்மியதைக் கண்ணால் கண்டேன். காதால் ஒருவரும் கேட்கவில்லை. இதுவும் எங்கள் சடங்கு என்று நினைத்து அவர் எழுந்து நின்று கை தட்டினார். மங்களா கண்ணீரோடு சிரித்தாள்.

வாசலுக்குப் போனோம். காரின் சைலன்சர் வெடித்துப் பனியில் கிடந்தது. பட்டு வேட்டியோடு அண்ணை அதன் பக்கத்தில் நின்றார்.

"குறை நினைக்காதையும், தம்பி. கிழமைக் கணக்காச் சுருதி சேர்த்தனான். எங்கையோ பிழைச்சுப் போச்சு."

"பரவாயில்லை, அண்ணை," என்றேன். அதாவது, நான் அவரை மன்னித்தேன்.

மங்களா மட்டும், "ஊரிலகூட இப்பிடி மேளம் கேட்டதில்லை, அண்ணை. அம்மாவுக்கு எழுதப்போறன்," என்றாள். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

அடுத்த கிழமை, கலியாணப் படங்களைக் கழுவி எடுத்துக்கொண்டு அண்ணை எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"கார் சரிவந்திட்டுது. அஞ்சும் ஏழும் மாறிக் கிடந்தது. நான்தான் கலியாண அவசரத்தில மாத்திக் கொழுவியிருக்கிறன்."

நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் அந்த வரிசை பிசகாதவர் இதைச் சொன்னார். நான் தலையைக் குனிந்து படத்தைப் பார்த்தேன். மேலே இருந்தது தாலி கட்டும் படம். மங்களாவின் கழுத்து, மஞ்சள் கயிறு, என் விரல்கள். விரல்களில் கறுப்புக் கறுப்பாய்க் கிறீஸ்.

அண்ணை வாசலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டு நிமிராமலே சொன்னார்: "கிறீஸ் லேசில போகாது, தம்பி. சவர்க்காரத்தோட கொஞ்சம் சீனி போட்டுத் தேயும்."

பிறகு லிஃப்ற்றுக்குள் ஏறி, வழக்கம்போல ஒண்டு எட்டு நாலு மூண்டு என்று கீழே போய்விட்டார்.

சில வருடத்தில் வேலை மாறி மேற்கே போனார். அந்தக் காரிலேயே போனார். மங்களாவிடம் உண்மையைச் சொல்ல எனக்குப் பத்து வருடம் பிடித்தது. அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அண்ணையிடம் சொல்ல நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்டேன்; அவர் காலமான செய்திதான் முந்தி வந்தது.

இப்போது ரொறன்ரோவுக்குக் கிழக்கே விட்பியில் இருக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரரிடம் புது மசில் கார் இருக்கிறது. காபரேற்றர் கிடையாது. எந்தச் சிலிண்டருக்கு எவ்வளவு பெற்றோல், எப்போது பொறி என்று கணினியே தீர்மானிக்கிறது; பெருந்தெருவில் நாலு சிலிண்டரை உறங்கவும் வைக்கிறதாம். அவர் மடிக்கணினியைச் செருகி அதன் பலத்தைக் கூட்டுகிறார். கை அழுக்காவதில்லை.

காலையில் அவர் காரை முடுக்கினால் மங்களா தேநீரோடு யன்னலுக்கு வருவாள்.

"கேட்டீங்களோ? உங்கட அண்ணையின்ர கார் மாதிரியே இருக்கு."

"மாதிரித்தான்," என்பேன். "சுருதி சேரேல்லை."