மனிதன் நிற்கவேண்டிய படி

அருங்காட்சியகத்தின் உயிரினக் கூடத்தைப் பரிணாம அறிவியல்படி மாற்றி அடுக்கவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. வகைப்பாட்டு உதவியாளராகத் தற்காலிகப் பணியில் இருந்த இளம்பெண்ணிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. இயக்குநருக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் வீட்டைப் பார்த்துப் போகவேண்டியதுதான். அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்.

கூடத்துத் தரையில் கிளைவிட்ட மரம் ஒன்றைச் சாக்கட்டியால் வரைந்து காட்டினாள்.

"யாருக்கு யார் நெருங்கின சொந்தமோ அவங்க பக்கத்து பக்கத்துல சார். முதலைக்குப் பல்லியை விடப் பறவைதான் கிட்டத்துச் சொந்தம்."

"மனுஷன் எங்கம்மா?"

"இந்தக் கிளை நுனியில. சிம்பன்சி பக்கத்துல."

"ஓரத்துலயா!" இயக்குநர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "பரிணாமம்னா பதவி உயர்வும்மா. மீன் தவளையாச்சு, தவளை பல்லியாச்சு, கடைசியில மனுஷன். படிக்கட்டு கட்டு."

"இப்ப இருக்கிற தவளை நமக்குத் தாத்தா இல்ல சார், தூரத்துப் பங்காளி. யாரும் யாருக்கும் மேல இல்ல."

"மேல இல்லையா? அப்ப நான் எதுக்கு மாடியில உக்காந்திருக்கேன்?"

இதற்கு அறிவியலில் பதில் இல்லை. படிக்கட்டு எழுந்தது.

பல கோடி ஆண்டுகளாக அதிகம் மாறாத கரப்பான்பூச்சி, முன்னேற்றத்தில் அக்கறை காட்டாத காரணத்தால் அடிப்படிக்கு அனுப்பப்பட்டது. வௌவாலுக்குப் பாலூட்டிகள் படியில் இடம். பறவைகள் படியில் கூடுதல் பொறுப்பு. திமிங்கிலம் பாலூட்டிதான் என்பதை, அடுக்கும் வேலையை மேற்பார்த்த கண்காணிப்பாளர் மறுக்கவில்லை. ஆனால் அந்த எலும்புகளை மேலே ஏற்ற ஆள் இல்லாததால், நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு அது மீன்களோடு தங்க அனுமதிக்கப்பட்டது. குரங்குகளுக்கு மேலே மனித எலும்புக்கூடு. அதற்கும் மேலே, சிவப்புக் கம்பளம் விரித்து, இயக்குநருக்கு ஒரு படி.

திறப்பு விழாவில் அவள் வேலை நிரந்தரம் என்று அறிவித்தார்கள். பிறகு புகைப்படம். கண்காணிப்பாளர் எல்லோரையும் தகுதி பார்த்து நிறுத்தினார். அவளுக்கு எலும்புக்கூட்டின் பக்கத்தில் இடம். துணி தேய்த்துப் பிழைக்கும் அவள் அம்மாவிடம், "நீங்க மீன்கிட்ட நில்லுங்கம்மா" என்றார்.

அவள் விறுவிறுவென்று கீழே இறங்கினாள். "எங்கம்மா எங்கயோ அங்கதான் சார் நானும்."

அம்மா பதறிப்போனாள். "ஏண்டி இறங்குற? இதுக்கா கை வெந்து உன்னைப் படிக்க வெச்சேன்? ஏறுடி மேல!"

அவள் ஏறினாள்.

கேமரா தயாரானது. திமிங்கிலத்தின் விலா எலும்பருகே நின்ற அம்மா, பக்கத்திலிருந்த துப்புரவுப் பெண்ணின் தோளை இடித்தாள்.

"பாத்தியா, குரங்கையெல்லாம் தாண்டிட்டா என் பொண்ணு!"